பிறர் குழந்தையை ஏந்தும் கை

சட்டப் புத்தகத்தை விரும்பிப் படிக்கிறவர்கள் வக்கீல்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். கதை எழுதுகிற எனக்கும் அதற்கும் வெகு தூரம். ஆனாலும் 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிறைவேறிய ஒரு சட்டத்தின் சில வரிகளை நான் இரண்டு மூன்று முறை படித்திருக்கிறேன். வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்காகச் சர்க்காரிடம் மானியம் வாங்கும் ஆயாக்கள் என்னென்ன கற்றிருக்க வேண்டும் என்று அந்த வரிகள் சொல்லுகின்றன. தொற்று நோயைத் தடுப்பது, குழந்தையை ஆபத்தில்லாமல் உறங்கவைப்பது, மருந்து கொடுக்கும் முறை, உணவு ஒத்துக்கொள்ளாமல் போனால் செய்யவேண்டியது, கட்டடத்திலும் நீரிலும் தெருவிலும் உள்ள அபாயங்கள், குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது என்பது, பேரிடர் வந்தால் காப்பாற்றும் ஏற்பாடு, நச்சுப் பொருள்களை வைக்கும் இடம், வண்டியில் ஏற்றிச் செல்லும்போது எச்சரிக்கை, முதலுதவி. ஆக மொத்தம் பத்து.

"இதில் என்ன அதிசயம்? எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். எல்லாருக்கும் தெரிந்திருந்தால் சட்டம் போடவேண்டிய அவசியமே வந்திராது. இந்தப் பத்தில் பல, ஏதோ ஒரு வீட்டில் தொட்டில் காலியான பிறகு எழுதப்பட்டவை. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். கப்பல் கட்டவும் விமானம் கட்டவும் பெண்கள் வந்தார்கள். அவர்களுடைய குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது? லான்ஹாம் சட்டம் என்ற ஒரு சட்டத்தின் பணத்தை எடுத்து, நாடெங்கும் காப்பகங்கள் திறந்தார்கள். 1944 ஜூலையில் சுமார் 3,000 காப்பகங்களில் ஏறத்தாழ 1,30,000 குழந்தைகள் இருந்தார்கள். ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில், கைசர் கப்பல் தளத்தின் வாசலிலேயே 1943இல் கட்டிய காப்பகங்கள் இரவும் பகலும் நடந்தன. அங்கே செவிலியர் இருந்தனர். வேலை முடிந்து களைத்து வரும் தாய், சமைத்த உணவை வாங்கிக்கொண்டு குழந்தையோடு வீடு திரும்பலாம். ஆனால் எல்லா ஊரும் போர்ட்லாந்து அல்ல. மற்ற இடங்களில் தரம் ஊருக்கு ஊர் மாறியது. 1946இல் யுத்தப் பணம் நின்றது; பெரும்பாலான காப்பகங்களும் மூடப்பட்டன. கப்பல் தேவைப்பட்டபோது குழந்தை தேசத்தின் பொறுப்பாக இருந்தது. கப்பல் வேண்டாம் என்றானதும் குழந்தை தாயின் சொந்தக் கவலையாகிவிட்டது.

பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. 1968இல் மத்திய சர்க்கார், தன் பணம் போகும் காப்பகங்களுக்கென்று சில விதிகளை வெளியிட்டது. காகிதத்தில் அவை நன்றாகவே இருந்தன. சரியாக அமல்தான் நடக்கவில்லை. 1971இல் நாடு முழுவதற்கும் காப்பகங்கள் அமைக்கும் மசோதா ஒன்று அமெரிக்கக் காங்கிரஸில் நிறைவேறியது. ஜனாதிபதி நிக்ஸன் அதைத் தம் அதிகாரத்தால் தடுத்துவிட்டார். 1981இல் பழைய விதிகளும் மறைந்தன. 1990இல் ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் காலத்தில் புதிய மானியச் சட்டம் வந்தது. அதில் பாதுகாப்புக்கு மூன்றே தலைப்புகள்: தொற்று நோய்த் தடுப்பு, கட்டடப் பாதுகாப்பு, குறைந்தபட்சப் பயிற்சி. எத்தனை மணி நேரம், எதைப் பற்றிப் பயிற்சி என்பதையெல்லாம் மாநிலங்களின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார்கள். வீட்டில் வைத்து இரண்டொரு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குப் பல மாநிலங்களில் உரிமச் சீட்டே தேவையில்லை.

இனி, பத்தில் இரண்டாவது விஷயத்துக்கு வருவோம். குழந்தையை உறங்கவைக்கக் கூடவா பாடம்?

நம் வீடுகளில் குழந்தை தானாகக் குப்புறித்துக்கொள்ளும் நாளை ஒரு விசேஷமாகக் கொண்டாடுகிறோம். அதுவரை அது மல்லாந்து கிடப்பதுதான் வழக்கம். அமெரிக்காவில் கதை வேறு. பெஞ்சமின் ஸ்பாக் என்ற புகழ்பெற்ற குழந்தை வைத்தியர் எழுதிய புத்தகம் அந்நாட்டுத் தாய்மாருக்கு வேதம் போல இருந்தது. 1950களில் வந்த பதிப்புகளில் அவர், குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதே நல்லது என்றார். மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தியெடுத்தால் அது தொண்டையில் அடைத்துக்கொள்ளுமே என்பது அவருடைய அச்சம். கெட்ட எண்ணம் கடுகளவும் இல்லை. ஆனால் இரவில் நன்றாக உறங்கிய குழந்தை காலையில் உயிரற்றுக் கிடக்கும் துயரம் ஆயிரக்கணக்கான வீடுகளில் நடந்துகொண்டே இருந்தது. 1969இல் அதற்குத் திடீர்ச் சிசு மரணம் என்று வைத்தியர்கள் பெயர் சூட்டினார்கள். குப்புறப் படுப்பதற்கும் இந்த மரணத்துக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டும் ஆராய்ச்சிகள் அங்கங்கே வெளிவந்தும், அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் பார்க்க ஆளில்லை. 1970லேயே அப்படித் தொகுத்துப் பார்த்திருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கும் என்று 2005இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

1992இல் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் தன் யோசனையை மாற்றிக்கொண்டது. 1994இல், "மல்லாக்கப் படுக்கவையுங்கள்" என்று நாடெங்கும் பிரசாரம் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் இந்த மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. மருந்தில்லை, கருவியில்லை; குழந்தையைத் திருப்பிப் போட்டதுதான் வைத்தியம்!

ஆனால் செய்தி தாய்மாருக்குப் போன வேகத்தில் ஆயாக்களுக்குப் போகவில்லை. 1990களின் நடுவில் 11 மாநிலங்களில் நிகழ்ந்த 1,916 திடீர்ச் சிசு மரணங்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஐந்தில் ஒன்று, குழந்தை பிறர் பராமரிப்பில் இருந்தபோது நிகழ்ந்திருந்தது. அவற்றிலும் சுமார் மூன்றில் ஒரு பங்கு, அங்கே விட்ட முதல் வாரத்தில். அந்த முதல் வாரத்து மரணங்களில் பாதி, முதல் நாளிலேயே.

முதல் நாள்! இந்தச் சொல்லைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டில் தாய் மல்லாக்கப் படுக்கவைத்துப் பழக்கியிருக்கிறாள். ஆயாவோ, தான் பெற்றுப் போட்ட நான்கு குழந்தைகளையும் குப்புறப் போட்டு வளர்த்தவள். அழுகிற குழந்தை அப்படிப் போட்டால் சீக்கிரம் தூங்கும் என்பது அவளுடைய அநுபவம். பிரியத்தோடுதான் போடுகிறாள். குப்புறப் படுத்துப் பழகாத குழந்தையைத் திடீரென்று அப்படிப் போடுவதே மிகப் பெரிய ஆபத்து என்று அவளுக்குச் சொல்ல யாருமில்லை.

மற்ற வரிகளுக்கும் இப்படி முன்கதை உண்டு. ஓயாமல் அழும் சிசுவைப் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியக்கூடும் என்று 1971இல் பிரிட்டனில் கத்கெல்ச் என்ற டாக்டரும், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் காஃபி என்ற டாக்டரும் எழுதினார்கள். அந்த நோயை நிர்ணயிப்பதில் பிற்காலத்தில் வைத்தியர்களுக்குள் வாதம் எழுந்ததுண்டு. உலுக்கக் கூடாது என்பதில் வாதமே இல்லை. 1995 ஏப்ரல் 19இல் ஓக்லஹோமா நகரத்துச் சர்க்கார் கட்டடத்தை ஒரு பாதகன் குண்டு வைத்துத் தகர்த்தான். இரண்டாவது மாடியில் இருந்த காப்பகத்தில் மட்டும் 15 குழந்தைகள் மாண்டன. 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, 5,000க்கு மேற்பட்ட குழந்தைகள் குடும்பத்தைப் பிரிந்ததாகவோ காணாமற்போனதாகவோ பதிவாயிற்று. கடைசிக் குழந்தையைச் சேர்த்துவைக்கப் பல மாதங்கள் பிடித்தன. பேரிடர் ஏற்பாடு என்ற வறண்ட சொற்களுக்குப் பின்னால் நிற்பவை இவை.

கடைசித் தள்ளு பத்திரிகையிலிருந்து வந்தது. 2012இல் மினியாபோலிஸ் நகரத்து ஸ்டார் டிரிபியூன் பத்திரிகையின் நிருபர்கள் மூவர், வீட்டுக் காப்பகங்களில் சிசு மரணங்கள் பெருகிவருவதைத் தோண்டி எடுத்து எழுதினார்கள். அடுத்த ஆண்டு அவர்களுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதைவிட மேலான பரிசு, மினசோட்டா மாநிலம் தன் விதிகளை இறுக்கியது.

2014இல் தேசம் முழுவதற்கும் சட்டம் வந்தது. செனட் சபையில் அதைக் கொண்டுவந்தவர்கள் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பார்பரா மிகுல்ஸ்கியும், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரிச்சர்ட் பர்ரும். மிகுல்ஸ்கி அம்மையார் அரசியலுக்கு வருமுன் சமூக ஊழியராக இருந்தவர். எதிலும் ஒத்துப்போகாத அந்தச் சபையில் 88 பேர் ஆதரித்தார்கள், ஒருவர்தான் எதிர்த்தார். நவம்பர் 19ஆம் தேதி ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்டார். 2016இல் வெளியான விதிகள் குழந்தை வளர்ச்சியையும், கொடுமைக்கு ஆளாகும் குழந்தையை அடையாளம் கண்டு தெரிவிப்பதையும் பாடத்தில் சேர்த்தன. ஆண்டுதோறும் பயிற்சி, ஆண்டுக்கொரு முறை சோதனை, ஆயாவின் பூர்வோத்தரம் விசாரித்தல் எல்லாம் வந்தன.

கதை இங்கே சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் விதியின் ஒரு மூலையில் ஒரு கணக்கு இருக்கிறது. வேலையில் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தொடக்கப் பயிற்சியை முடித்தால் போதும். ஆபத்தோ முதல் நாளிலும் முதல் வாரத்திலும் குவிந்து கிடக்கிறது. புதிய ஆயாவின் கையில் புதிய குழந்தை வந்து சேர்ந்தால், அந்த மூன்று மாதம் யாருடைய அவகாசம்? பாட்டி, அத்தை, சித்தி போன்ற உறவினர் பார்த்துக்கொண்டால் இந்த விதிகளிலிருந்து விலக்களிக்கவும் மாநிலங்களுக்கு உரிமை உண்டு. உறவு என்றால் அறிவும் கூடவே வந்துவிடுமா?

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2023இல் அமெரிக்க ஆயாவின் நடுத்தரக் கூலி மணிக்கு 14.60 டாலர். அந்நாட்டு விலைவாசிக்கு அது அரை வயிற்றுக் கூலி. பயிற்சிக்குப் போகும் நாளில் அவளுடைய குழந்தைகளை யார் பார்ப்பது? அந்த நாள் கூலியை யார் கொடுப்பது? படிவங்களுக்குப் பயந்து மானியமே வேண்டாமென்று ஒதுங்கும் நல்ல பெண்மணிகளும் உண்டு. அவர்கள் ஒதுங்கினால், இரவு வேலைக்குப் போகும் தாய் தன் குழந்தையை எங்கே விடுவாள்? விதி வேண்டும்; விதியைச் சுமக்கும் தோளுக்குச் சோறும் வேண்டும்.

பணம் கொடுப்பவன் கணக்குக் கேட்பது உலக வழக்கம். அமெரிக்க சர்க்கார் யுத்த காலத்திலிருந்தே தன் டாலருக்குக் கணக்குக் கேட்டுத்தான் வந்தது. "அந்தக் குழந்தையை எப்படிப் படுக்கவைக்கிறாய், அம்மா?" என்று நாடு முழுவதற்குமாகச் சட்டத்தில் எழுதிக் கேட்க 1943இலிருந்து 2014 வரை, 71 ஆண்டுகள் ஆயின. கேட்பதோடு நின்றுவிடாமல், முதல் குழந்தை கைக்கு வருமுன் சொல்லிக் கொடுத்து, சொல்லிக் கொடுக்கும் நாளுக்குக் கூலியும் கொடுத்துவிட்டால் அந்தச் சட்டம் முழுமை பெறும். அன்பை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஆயாவிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.