பழைய ஆலயமும் பழைய பதிவேடும்



பழைய ஆலயத்தை இடித்துவிட்டுப் புதியதொன்றைக் கட்டவேண்டும் என்ற பேச்சு நம் ராயகிரிச் சுற்றுவட்டாரச் சபைகளில் அவ்வப்போது எழுகிறது. கூரை ஒழுகுகிறது, பண்டிகை நாளில் இடம் போதவில்லை என்பவை உண்மையான காரணங்களே. ஆயினும், தீர்மானத்தில் கையெழுத்திடுமுன் இந்த வாரம் ஒரு பழைய வரலாற்றைச் சற்றுப் பொறுமையோடு வாசிக்கும்படி உங்களை வேண்டுகிறேன். அது தூரத்து அயர்லாந்தில் தொடங்குகிறது.

அத்தீவின் பழைய சேகர ஆலயங்கள் சட்டத்தின் பலத்தால் நின்றவை. ஊரில் பெரும்பாலோர் கத்தோலிக்கராயிருந்தும், தாங்கள் காலெடுத்து வையாத ஆங்கிலிக்கன் ஆலயத்துக்கும் அதன் குருவுக்கும் தங்கள் விளைச்சலில் தசமபாகம் கொடுக்கவேண்டியிருந்தது. மனமுவந்து கொடுக்கவேண்டியதை வரியாக்கியதன் பலன், 1830-களில் கலகமாக வெடித்தது. 1869-ல் இயற்றப்பட்ட சட்டத்தால், 1871 முதல் அத்திருச்சபை அரசின் திருச்சபையாக இருப்பது ஒழிந்தது. பிறகு சேகரங்களின் பழைய ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகளுள் பெரும்பகுதி டப்ளின் நகரத்து ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டது. 1922 ஜூன் மாதம், உள்நாட்டுப் போரில் அக்காப்பகம் வெடித்து எரிந்தது. தலைமுறை தலைமுறையான பெயர்கள் ஒரே நாளில் சாம்பலாயின. தப்பியவற்றுள் பல, ஊரிலேயே பத்திரமாய் வைக்கப்பட்டிருந்த புத்தகங்கள். ஆலயங்கள் இன்றும் நிற்கின்றன; அவற்றில் ஞானஸ்நானம் பெற்றோர் பலரின் பெயரைச் சொல்ல ஏடு இல்லை.

அதே தீவில், அந்திரிம் பகுதியிலுள்ள கிளாடி என்னும் ஊரில் 1814-ல் பிறந்தவர் ராபர்ட் கால்டுவெல். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர், சிறுவயதிலேயே கிளாஸ்கோவுக்குப் போய்விட்டார். 1838-ல் சென்னை வந்து, 1841-ல் இடையன்குடியில் குடியேறினார். தேரி மணலும் பனைமரமுமான அவ்வூரில் பரிசுத்த திரித்துவ ஆலயத்தை 1847-ல் தொடங்கினார். அது பிரதிஷ்டையானது 1880-ல். முப்பத்துமூன்று ஆண்டுகள்! சாலொமோன் ஏழே ஆண்டில் முடித்தான் என்று வேதத்தில் வாசிக்கிறோம். ஆனால் அவனுக்கு லீபனோனின் கேதுருவும் ராஜாவின் பொக்கிஷமும் இருந்தன. இங்கே சபையாருள் மிகுதியானோர் பனையேறிகள். பதநீர் இறங்கும் சில மாத வருமானத்தில் ஆண்டு முழுவதும் ஜீவித்தவர்கள். இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சமும் வந்தது. அஸ்திபாரம் போட்ட நாளில் தொட்டிலில் கிடந்த பிள்ளை, பிரதிஷ்டை நாளில் தன் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கக்கூடும்.

ஒரு கசப்பான செய்தியையும் மறைத்தல் ஆகாது. ஆலயப் பணி தொடங்கி இரண்டாண்டில், 1849-ல், அம்மக்களைப் பற்றி கால்டுவெல் எழுதிய நூல் அவர்களைத் தாழ்த்திக் காட்டியது. பின்னாளில் அச்சமூகத்தார் அதைக் கடுமையாகக் கண்டித்தனர். கண்டித்தது நியாயமே என்பது என் எண்ணம். அப்படியிருந்தும் 1891-ல் கொடைக்கானலில் மரித்த அவருடைய சரீரம் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அந்த ஆலயத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டது. அவர் பெயர் உலகறிந்தது. உடனிருந்து உழைத்த சபையாரின் பெயரைத் தேடுகிறவர் பதிவேட்டைத்தான் புரட்டவேண்டும்.

நம் வடபகுதியின் கதை வேறு. இங்கே ஊழியம் கல்லில் தொடங்கவில்லை, கூடாரத்தில் தொடங்கியது. 1854 முதல் ராக்லண்டு ஐயரும் அவருடைய தோழரும் சிவகாசியை ஒட்டிய வட திருநெல்வேலிக் கிராமங்களில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் பிரசங்கித்தார்கள். 1858-ல் ராக்லண்டு சிவகாசியில் மரித்தார். அவர்களுக்குத் துணையாகத் தெற்கத்திச் சபைகள் தங்கள் காணிக்கையால் உபதேசியார்களை முறைவைத்து அனுப்பின. நாம் அறியாத தெற்கத்தி வீடுகளின் காணிக்கை நம் பக்கத்து ஊழியத்தில் கலந்திருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். கட்டடத்தைக் குறித்துக் கமிட்டி கூடுமுன், உங்கள் சபையின் பழைய பதிவேட்டை ஆராதனைக்குப் பின் மேசைமேல் திறந்து வையுங்கள். செல்லரித்த பக்கங்களை முதலில் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கண் மங்கிய பெரியவர்களுக்கு வாலிபர் வாசித்துக் காட்டட்டும். தெரிந்த பெயர் வரும்போது அது யார் வீட்டுப் பெயர் என்று அவர்கள் சொல்லட்டும், அதையும் பக்கத்தில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூரையைப் பற்றி அதற்கடுத்த ஞாயிறு பேசலாம்.