வீட்டுத் தோட்டம்

வீட்டுத் தோட்டம் என்பது வீட்டைச் சுற்றியுள்ள சிறு நிலத்தில் குடும்பத் தேவைக்கான காய்கறிகளைப் பயிரிடும் முறை ஆகும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இது பெரும்பாலும் கிணற்றடியை ஒட்டிய கொல்லைப்புறத்தில் அமையும். ஆடி மாதத்தில் (ஜூலை நடுப்பகுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை) அவரை, வெண்டை, பீர்க்கு, சுரை, புடல் முதலியன விதைக்கப்படுகின்றன. ஆடியில் ஊன்றும் நாட்டு அவரை, பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும். சுரை, பூசணி போன்ற கொடிகளில் ஆண் பூக்களே முதலில் தோன்றி உதிரும். இதனை நோய் எனக் கருதுவது தவறு.

விதை சேமிப்பு

வீரிய ஒட்டுச் செடியின் காயிலிருந்து எடுக்கும் விதை, தாய்ச்செடியின் பண்புகளை அப்படியே தருவதில்லை. எனவே ஒவ்வொரு பருவத்துக்கும் விதை வாங்க நேரிடுகிறது. நாட்டு வகைகளில் இத்தேவை இல்லை. எனினும் விதைக்கெனக் காயை முற்றவிடாமல் அனைத்தையும் பறித்துவிட்டால், அவ்வகை அந்த வீட்டை விட்டே மறைந்துவிடும். அவரையில் தன்மகரந்தச் சேர்க்கை மிகுதி என்பதால் விதை எளிதில் கலப்பதில்லை. பூசணியில் அவ்வாறன்று: அருகருகே இரு வகைகள் இருப்பின், தேனீக்கள் வழியாக மகரந்தம் கலந்து அடுத்த தலைமுறைக் காய்கள் மாறிவிடக்கூடும். கத்தரியில் பழம் மஞ்சளாகிய பின்னரே விதை எடுக்கப்படுகிறது. அதனைக் கழுவிச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவர். முற்றிய பீர்க்கு, சுரைக் காய்கள் விதையுடன் அடுப்படியில் தொங்கவிடப்படுகின்றன. அங்குள்ள புகை பூச்சிகளை அண்டவிடாது.