திருவேங்கடம் எழுப்பிய சபை

1795-இல் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகேறித்தான் கரைக்கு வரவேண்டும். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை அறைந்தால் பலகை நெகிழ்ந்து கொடுக்கும், பிளக்காது. சீமைக்கும் சென்னைக்கும் இடையே போய்வந்த எவரும் இந்தப் படகோட்டிகளை நம்பித்தான் கரை தொட்டார்கள். புரசைவாக்கம் யூனிடேரியன் கிறித்தவ சபையைத் தொடங்கியவரும் அப்படிச் சீமை போய்த் திரும்பியவர்தான்.

வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர், பெயர் திருவேங்கடம். கிறித்தவரானபின் வில்லியம் ராபர்ட்ஸ். வெள்ளைக்காரர்களிடம் வேலை பார்த்து, அந்த வழியில் இங்கிலாந்து போனார். அங்கே தியாபிலஸ் லிண்ட்சே, ஜோசப் பிரீஸ்ட்லி போன்றோரின் கருத்துகள் அவருக்கு அறிமுகமாயின. கடவுள் ஒருவரே, இயேசு அவர் அனுப்பிய மனிதர், பிதா சுதன் பரிசுத்த ஆவி என்ற திரித்துவத்துக்கு வேதத்தில் ஆதாரமில்லை என்று எழுதிய யூனிடேரியன்கள் இவர்கள். அன்றைய இங்கிலாந்தில் இது ஆபத்தான பேச்சு. ஆக்சிஜன் ஆய்வால் புகழ்பெற்ற அதே பிரீஸ்ட்லியின் வீட்டையும் ஆய்வுக்கூடத்தையும் 1791-இல் பர்மிங்காமில் ஒரு கும்பல் கொளுத்தியது. 1794-இல் அவர் அமெரிக்காவுக்கே போய்விட்டார். திரித்துவத்தை மறுப்பது அங்கே அன்று சட்டப்படியும் குற்றமாக இருந்தது.

அந்த நெருப்பின் சூடு ஆறுவதற்குள், 1795-இல் சென்னையில் திருவேங்கடம் சபையைத் தொடங்கிவிட்டார். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பின்னால் எந்த மிஷனும் இல்லை, அனுப்பிவைத்த பாதிரியாரும் இல்லை. கூலிக்கு உழைத்த ஒரு தமிழர், தானே படித்து, தானே யோசித்து எடுத்த முடிவு. வழிபாடும் தமிழில் நடந்தது. பிரார்த்தனைகளை அவரே தமிழில் ஆக்கினார். நம் ஊர் வரலாற்றில் இவரைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை என்றே நினைக்கிறேன்.

1813-இல் புரசைவாக்கத்தில் சபைக்கென்று கட்டடம் எழுந்தது. இங்கிலாந்தில் திரித்துவ மறுப்பைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிய சட்டம் வந்ததும் அதே 1813-இல்தான். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சிப் பகுதிக்குள் மிஷனரிகள் நுழையக் கதவு திறந்ததும் அந்த ஆண்டே. லண்டனில் லிண்ட்சேயின் எசெக்ஸ் தெரு ஆலயத்தில் பின்னாளில் போதகராயிருந்த தாமஸ் பெல்ஷாமுக்குத் திருவேங்கடம் கடிதங்கள் எழுதினார். அவை அங்கே அச்சேறின. சென்னையில் இப்படியொரு சபை இருப்பதை லண்டன்காரர்கள் அவர் எழுதித்தான் தெரிந்துகொண்டார்கள். கல்கத்தாவில் ராம்மோகன் ராயும் வில்லியம் ஆடமும் யூனிடேரியன் குழு அமைத்தது 1821-இல். பிரிட்டிஷ் யூனிடேரியன் சங்கம் பிறந்தது 1825-இல். புரசைவாக்கம் இரண்டுக்கும் மூத்தது.

வடசென்னையில் உழைப்பவர்கள் தங்கள் கோயிலைத் தாங்களே கட்டிக்கொள்வது புதிதும் அல்ல. ராயபுரத்தின் புனித ராயப்பர் ஆலயத்தை எழுப்பியது படகோட்டிகள் சேர்த்த பணம். திரித்துவத்தை ஏற்பதா மறுப்பதா என்பதில் இரண்டும் எதிரெதிர். உழைத்த காசு என்பதில் ஒன்று.

1838-இல் திருவேங்கடம் மறைந்தார். 1887-இல் வடகிழக்கு இந்தியாவின் காசி-ஜயந்தியா மலைப்பகுதியில் ஹஜோம் கிஸ்ஸோர் சிங் என்ற இளைஞரும், மிஷனரிகள் சொல்லிக்கொடுத்ததில் மனம் ஒப்பாமல், தன் மொழியிலேயே ஒரு யூனிடேரியன் சபையைத் தொடங்கினார்.