வெள்ளைபடுதலும் பூட்டு ஆஸ்பத்திரியும்

‘வெட்டை’ என்று ஒரு சொல் உண்டு. எங்கள் பக்கத்தில் ஆண்கள் அதைத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். பெண்கள் சொல்லிக் கேட்டதில்லை. அவர்களுக்கு இருப்பது ‘வெள்ளைபடுதல்’. டாக்டர்கள் கொனோரியா என்று சொல்லும் நோய் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் எங்கோ ஒளிந்து கிடக்கிறது. எப்படி ஒளிந்தது, ஒளிந்ததால் யார் தலையில் என்ன விழுந்தது என்பதுதான் இன்றைய விஷயம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். இங்கே குளிர்காலம் நீளம். பொழுது போகாமல் பழைய அரசாங்க ரிப்போர்ட்டுகளைப் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பிரிட்டிஷ் இந்தியாவின் மருத்துவ அறிக்கைகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. அதில் மதராஸ் மாகாணத்து ‘லாக் ஹாஸ்பிடல்’ ஆண்டறிக்கைகள் கண்ணில் பட்டன. பத்தி பத்தியாகக் கணக்கு. நமக்குப் பழகிய சாப்பாடு.

அதற்கு முன் நோயைப் பற்றிக் கொஞ்சம். ஆணுக்கு வந்தால் பெரும்பாலும் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், சீழ். வெட்கத்தை விட்டு டாக்டரிடம் ஓடுவான். பெண்ணுக்கு அப்படியில்லை. பாதிப்பேர், சில கணக்குகளில் அதற்கும் மேல், எந்த அறிகுறியும் இல்லாமல் இருப்பார்கள். இருந்தாலும் கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் எரிச்சல், அடிவயிற்றில் லேசான வலி, மாதவிலக்குக்கு நடுவே ரத்தக் கசிவு, அவ்வளவுதான். வேறு பத்து காரணங்களாலும் இவை வரும். கிருமி குடியிருக்கும் முக்கியமான இடம் கருப்பை வாய். டாக்டர் கருவி வைத்துப் பார்த்தாலும் பல சமயம் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும்.

ஆனால் உள்ளே வேலை நடக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் நூற்றில் பத்து முதல் இருபது பெண்களுக்குக் கிருமி மேலேறி கருக்குழாய் வரை போய்விடும். குழாய் அடைபட்டால் குழந்தை இல்லை. பாதி அடைபட்டால் கரு குழாயிலேயே தங்கி உயிருக்கு ஆபத்து. பிரசவத்தின்போது குழந்தையின் கண்ணில் தொற்றினால் பார்வை போகலாம். ‘மலடி’ என்று பட்டம் வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அது கணவனிடமிருந்து வந்த சீதனமோ!

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

லாக் ஹாஸ்பிடல் என்ற பெயர் லண்டனில் 1747ல் தொடங்கிய ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. பழைய தொழுநோயாளர் விடுதி ஒன்றின் பெயராம் அது. பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பார்கள். இந்தியாவில் நடந்ததைப் பார்த்தால் பூட்டு என்றே மொழிபெயர்க்கலாம். மதராஸ் மாகாணத்தில் 1805 வாக்கிலேயே ராணுவ முகாம்களில் இவை தொடங்கிவிட்டன. இடையில் மூடி, மறுபடி திறந்தார்கள். 1864ன் கண்டோன்மெண்ட் சட்டமும் 1868ன் தொற்றுநோய்ச் சட்டமும் வந்த பிறகு இது முழு இயந்திரமாகிவிட்டது. பரங்கிமலை, திருச்சிராப்பள்ளி, பெல்லாரி, கண்ணனூர், நீலகிரியில் வெல்லிங்டன் என்று வெள்ளைச் சிப்பாய் இருந்த ஊர்களில் எல்லாம்.

முறை இதுதான். விலைமகள் என்று போலீஸ் கருதும் பெண் பெயரைப் பதிவு செய்து சீட்டு வாங்கவேண்டும். குறித்த நாளில் பரிசோதனைக்கு வரவேண்டும். நோய் என்று டாக்டர் சொன்னால் குணமாகும்வரை உள்ளேயே இருக்கவேண்டும். வராவிட்டால் அபராதம் அல்லது சிறை. இத்தனையும் சிப்பாயின் உடம்பைக் காப்பாற்ற.

இப்போது ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணோடு பாருங்கள். பதிவான பெண்கள் இத்தனை, பரிசோதனைகள் இத்தனை, உள்ளே சேர்த்தது இத்தனை. சிப்பாய்களில் நோய் கண்டவர் இத்தனை. எந்தச் சிப்பாயிடமிருந்து எந்தப் பெண்ணுக்கு வந்தது என்று ஒரு பத்தி? கிடையாது. வரவு இல்லாமல் பற்று மட்டும் எழுதிய பேரேடு. எங்கள் ஆடிட்டர் பார்த்தால் அன்றே மூட்டை கட்டச் சொல்வார்.

சரி, பரிசோதனையாவது சரியா? 1767ல் ஜான் ஹண்டர், வெட்டையும் கிரந்தியும் ஒரே நோய் என்று முடிவு கட்டினார். அதைப் பிரித்துக் காட்ட 1838ல் ரிகோர் வரவேண்டியிருந்தது. நோய்க்குக் காரணமான கிருமியை ஆல்பர்ட் நைசர் கண்டுபிடித்தது 1879ல். அதாவது சட்டம் வந்து பதினோரு வருடம் கழித்து! அதுவரை டாக்டர் கையில் இருந்தது வெறும் கண். வெள்ளை தெரிந்தால் நோய். தெரியாவிட்டால் இல்லை. சாதாரண வெள்ளைபடுதல் உள்ளவளைப் பூட்டினார்கள். அறிகுறியே இல்லாமல் நோயைச் சுமந்தவளுக்குச் சீட்டில் சரி போட்டு அனுப்பினார்கள். பெண்ணிடம் இந்த நோய் மௌனமாக இருக்கும் என்று நோகராத் என்ற டாக்டர் 1872லேயே எழுதினார். பலர் நம்பவில்லை.

ஜோசபின் பட்லர் போன்றவர்களின் போராட்டத்தால் இங்கிலாந்தில் இந்தச் சட்டங்கள் 1886லும் இந்தியாவில் 1888லும் ரத்தாயின. 1891-92ல் இரண்டு அமெரிக்கப் பெண்கள், எலிசபெத் ஆண்ட்ரூவும் டாக்டர் கேத்தரின் புஷ்னெல்லும், நம் கண்டோன்மெண்ட்களைச் சுற்றிவந்து, பழைய முறை ரகசியமாகத் தொடர்கிறது என்று சாட்சி சொன்னார்கள். முதலில் மறுத்த தளபதி ராபர்ட்ஸ் பிறகு மன்னிப்புக் கேட்டார். எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லவேண்டும். ரத்துக்குப் பிறகு நோய் ஏறியது, 1895ல் ஆயிரம் சிப்பாய்க்கு ஐந்நூறுக்கும் மேல் ஆஸ்பத்திரிச் சேர்க்கை என்று ராணுவம் புலம்பியது. அப்போதும் யாரும் சிப்பாய்க்குச் சீட்டு கொடுக்கவில்லை.

பழங்கதை என்று நினைக்கிறீர்களா? 1986ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். ரத்தம் கொடுத்தவர்கள் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகள். மருத்துவத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் அதற்குப் பிறகு சில பெண்களைத் தொற்று இருக்கிறது என்பதற்காகவே தண்டனை முடிந்தும் உள்ளேயே வைத்திருந்தார்கள். ஷியாமளா நடராஜ் போட்ட வழக்கில் 1990ல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் வெளியே வந்தார்கள். லாக் ஹாஸ்பிடல் மூடி நூறு வருடம் ஆகியும் பூட்டு மட்டும் பத்திரமாக இருந்திருக்கிறது.

இப்போது எங்கள் பொன்முடி. திருவனந்தபுரத்திலிருந்து மேலே ஏறினால் 22 கொண்டை ஊசி வளைவு தாண்டித் தேயிலை. கொழுந்து பறித்த அத்தைமார்களுக்கு வெள்ளைபடுதல் என்றால் ‘சூடு’. கற்றாழை சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி. இடுப்பு வலி, அசதி எல்லாம் அதன் கணக்கில் சேரும். விதுரா ஆஸ்பத்திரிக்கு இறங்கினால் ஒரு நாள் கூலி போச்சு. அவர்களில் பெரும்பாலோருக்கு இருந்தது கொனோரியா அல்ல என்றுதான் நினைக்கிறேன். கோவாவில் விக்ரம் படேல் குழுவினர் 2005ல் வெளியிட்ட ஆய்வும் வெள்ளைபடுதல் புகாருக்கும் மன உளைச்சலுக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியது. வெள்ளைக்கும் பால்வினை நோய்க்கும் நேர்க்கோடு போடமுடியாது என்று அர்த்தம்.

இந்திய அரசின் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் அறிகுறியைப் பார்த்து மருந்துப்பொட்டலம் தரும் முறை இருக்கிறது. கருப்பை வாய் அழற்சிக்குச் சாம்பல் நிறப் பெட்டி, சாதாரண வெள்ளைபடுதலுக்குப் பச்சை. லேப் வசதி இல்லாத இடத்தில் இது பெரிய உதவி. ஆனால் அறிகுறியே இல்லாதவளுக்கு எந்தப் பெட்டி? மைக்ராஸ்கோப் சோதனைகூட ஆணிடம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கண்டுபிடித்தால், பெண்ணிடம் பாதியைத்தான் பிடிக்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் புதிய சோதனைதான் நம்பகமானது. அது மலைமேல் எப்போது ஏறும் தெரியாது.

ஆனால் ஒன்று இன்றே செய்யலாம், செலவும் இல்லை. கணவனுக்கு வெட்டை என்று சிகிச்சை நடந்தால் மனைவிக்கு ஒன்றுமே இல்லாவிட்டாலும் அவரையும் அழைத்துப் போய்ப் பார்க்கவேண்டும். கேரளத்தில் இதற்கென்றே அரசின் ‘புலரி’ மையங்கள் இருக்கின்றன. இரண்டு பேருக்கும் மருந்து, முடியும்வரை விலகியிருத்தல். அந்தப் பழைய பேரேட்டில் விட்டுப்போன பத்தி ஆண்தான். அதை எழுதிச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.