சித்திரத்துக்கு முன் சுவர்

சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பது பழமொழி. அந்தச் சுவர் யாருடையது என்று பழமொழி கேட்பதில்லை. அந்தமானின் போர்ட் பிளேரில், 2024 முதல் அரசு ஸ்ரீ விஜயபுரம் என்று அழைக்கும் அந்த ஊரில், டாலிகஞ்ச் பகுதி மக்கள் கூடிச் சுவரோவியம் வரைய ஒரு பட்டறை நடத்த யாரேனும் திட்டமிட்டால், பெயிண்ட்டுக்கும் சாரத்துக்கும் ஆகும் கணக்கு ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். எதை வரைவது, அதை யார் சொல்வது என்பதுதான் இழுபறியாகும். கூடி வரைவது வேறு, கூடி முடிவெடுப்பது வேறு. முன்னது நம்மிடம் ஆயிரம் ஆண்டுப் பழமை கொண்டது. பின்னதற்கு அறுபது ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. பட்டறைக்குத் திட்டமிடுவோர் பெரும்பாலும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். கருவறையைச் சுற்றிய இருண்ட உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் மறைந்திருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தப் பூச்சை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பின் மேலேயே வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது என்று முடிவு சொன்னார். இந்த முறையில் ஓவியருக்கு அவகாசம் கிடையாது. பூச்சு உலருமுன் அந்தப் பகுதி முடிந்தாக வேண்டும். சுண்ணாம்பு குழைப்பவர், பூசுபவர், வண்ணம் அரைப்பவர், கோடு போடுபவர், நிறம் நிரப்புபவர் என எல்லோரும் ஒரே மூச்சில் இயங்கினால்தான் முடியும். தனி ஒருவரின் மேதைமை என்று நாம் வியக்கும் கோடுகள் ஒரு வேலைக்குழுவின் ஒழுங்கில் பிறந்தவை. அக்குழுவே ஒரு சமூகம்தானே, தொழில்வழிக் குடிகள்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சுந்தரரையும் சேரமான் பெருமாளையும் வரையச் சொன்னது கோயிலை எடுப்பித்தவரின் அதிகாரம். பின்னாளில் அதன்மேல் புதுப்பூச்சு பூசி வேறு படம் வரையச் சொன்னதும் அதிகாரம்தான். கைகள் பல, சொல் ஒன்று.

இருபதாம் நூற்றாண்டில் சொல் கட்சிகளின் கைக்கு வந்தது. தேர்தலுக்கு மாதக்கணக்கில் முன்பே சுவரின் மூலையில் கட்சிப் பெயரை எழுதி இடம்பிடித்து வைப்பது தமிழகத்தில் எழுதாத சட்டமாக இருந்தது. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் எழுதிய சட்டம் 1959-இலேயே வந்துவிட்டது. அதை யார் மதித்தார்கள்? 2009-இல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் சுவரொட்டிகளையும் கட்சி எழுத்துகளையும் அகற்றி, பண்பாட்டுக் காட்சிகளையும் இயற்கைக் காட்சிகளையும் தீட்டச் செய்தது. ஃப்ளெக்ஸ் வந்தபின் பிழைப்பிழந்து நின்ற பேனர் ஓவியர்களுக்கு அது சோறு போட்டது. அந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் எதை வரைவதென்று தேர்ந்தது மாநகராட்சிதான். ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்டவர்களின் குடியிருப்பான சென்னைக் கண்ணகி நகரில் 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை பெருஞ்சுவரோவியங்களைத் தீட்டியபோது, அங்குள்ள பிள்ளைகளின் முகங்கள் சுவரேறின. அது ஒரு படி முன்னேற்றம். முகம் தருவதும் முடிவில் பங்கு பெறுவதும் ஒன்றாகிவிடாது என்றாலும்.

எல்லோரையும் பேசவிட்டால் படம் கெட்டுப்போகும் என்பது கலைஞர்களின் மறுப்பு. சிகாகோவில் 1967-இல் கறுப்பின ஓவியர்கள் ஒன்றுகூடி வரைந்த ‘மரியாதைச் சுவர்’ அவர்களுக்குச் சாட்சியாகலாம்: அங்கே ஓர் ஓவியரின் பகுதியை அவர் சம்மதமின்றியே வெள்ளையடித்து வேறொருவர் வரைந்தார்; மனக்கசப்பு மிஞ்சியது. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜூடி பாக்கா 1976 முதல் பல கோடைகளில் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞரைக் கொண்டு ஒரு வெள்ளக் கால்வாயின் சுவரில் ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு அந்நிலத்தின் வரலாற்றைத் தீட்டினார். கதைக்கு ஊராரையும் வரலாற்றறிஞர்களையும் கேட்டார். வரைபடத்தை ஓவியர்களிடம் விட்டார். கேட்பதற்கும் கோடு போடுவதற்கும் இடையே வேலையைப் பிரித்ததுதான் அவர் சாதித்தது. தூரிகையை எல்லோர் கையிலும் திணித்துவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு ஏற்படவில்லை.

அந்தமானில் இந்த வேலைப்பிரிவு இன்னும் கூடுதலாகத் தேவை. தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சியிலிருந்து காட்டு வேலைக்கு வந்தோரின் வழியினர், தண்டனைக் கைதிகளின் சந்ததியினர் என்று பலர் வாழும் தீவுகள் அவை. தூரிகை பிடிக்கும் நாள்கள் இரண்டு என்றால் கதை கேட்கும் நாள்கள் பத்தாவது வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி மழை பெய்யும் இடம் என்பதால் வரையும் நாள்களை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வைத்துக்கொள்ள வேண்டும். பாசி படியும் கான்கிரீட் சுவரை யார் எப்போது கழுவுவது என்பதையும் அப்போதே எழுதிவைத்துவிடுவது நல்லது.

இன்னும் ஒன்று. இத்தீவுகளில் ஓவியம் முதலில் சுவரில் இருக்கவில்லை, உடலில் இருந்தது. 1906 முதல் 1908 வரை இங்கு ஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன், வெண்களிமண்ணால் உடலில் கோலமிட்டுக்கொள்ளும் அந்தமானியப் பழங்குடியினரின் வழக்கத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வரைபவர்கள் பெண்கள். சுற்றுலா அலங்காரமாக அந்தக் கோலங்களையோ, வில்லேந்திய ஜாரவா உருவத்தையோ சுவரில் ஏற்றிவிடும் ஆசை எந்தப் பட்டறைக்கும் எளிதில் வரும். பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956-ஆம் ஆண்டு விதிமுறை ஜாரவாக்களின் பகுதிக்குள் அனுமதியின்றி நுழையவே தடை விதிக்கிறது. அவர்களிடம் சம்மதம் கேட்க டாலிகஞ்சிலிருந்து எவரும் போக முடியாது. கேட்க முடியாதவர்களை வரையாதீர்கள்.