மலையகப் பேச்சுத்தமிழும் பிரெஞ்சு ஒலிப்பும்: நானுஓயாவிலிருந்து ஒரு நோக்கு

நானுஓயாவுக்கு ரயில் பாதை வந்தது 1885 இல். நுவரெலியாவுக்குப் போகும் வெளிநாட்டுப் பயணிகள் இன்றும் இங்கேதான் இறங்குகிறார்கள். எல்ல பக்கம் போகிறவர்கள் இங்கேதான் ஏறுகிறார்கள். அவர்களில் பிரெஞ்சு பேசுவோரும் உண்டு. வேன் ஓட்டவோ, தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டவோ, வழிகாட்டி உரிமம் பெறவோ நினைக்கும் தோட்டத்து இளைஞருக்குப் பிரெஞ்சு பிழைப்புக்கு உதவும் மொழி. க.பொ.த. உயர்தரத்தில் அது ஒரு பாடம். கண்டியில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. ஆனால் ஒலிப்பைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தின் வழியாகவும் எழுத்தின் வழியாகவுமே இங்குள்ள மாணவர் பிரெஞ்சுக்குள் நுழைகிறார். இரண்டும் சுற்றுவழி. பிரெஞ்சு கேட்கும் ஒலிகளில் கணிசமானவை அவருடைய லயத்துப் பேச்சிலேயே இருக்கின்றன என்பதும், இல்லாதவை எவை என்பதைக்கூட அந்தப் பேச்சை வைத்தே சரியாகச் சொல்ல முடியும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் மூக்குயிர்கள். பிரெஞ்சு கற்போர் அதிகம் அஞ்சுவது இவற்றுக்குத்தான். வாய் மூடாமல், நாக்கு எங்கும் ஒட்டாமல், உயிரொலி மூக்கு வழியாகவும் வெளிவர வேண்டும். 'மரம்' என்று எழுதுகிறோம். பேசும்போது யாரும் கடைசியில் உதட்டை மூடுவதில்லை. ஓகாரச் சாயல் கொண்ட ஒரு மூக்குயிரோடு சொல் முடிந்துவிடுகிறது. 'வாரேன்' என்பதன் இறுதியில் ஏகாரம் மூக்கேறுகிறது. 'நான்' என்பதில் ஆகாரம். பாரிஸ்காரர் 'நல்ல', 'திராட்சை மது', 'காற்று' என்று பொருள்படும் மூன்று பிரெஞ்சுச் சொற்களில் ஒலிக்கும் மூக்குயிர்களுக்கு மிக அருகில் இந்த மூன்றும் நிற்கின்றன. காப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் திருச்சி, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பேச்சின் கூறு இது. யாழ்ப்பாணப் பேச்சில் இறுதி மகரனகரங்கள் பெரிதும் மெய்யாகவே ஒலிக்கின்றன. ஆகவே இந்த ஓரிடத்தில் மலையகப் பிள்ளைக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. விந்தை என்னவென்றால், வகுப்பறையில் 'திருத்தமாகப் பேசு' என்று அடக்கப்படுவதும் இதே ஒலிப்புத்தான்.

இந்த அனுகூலம் சொல்லின் இறுதியோடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லின் நடுவில் மூக்கொலிக்குப் பின் வல்லினம் வந்தால் தமிழ் இரண்டு காரியம் செய்யும்: இடையில் இனமெல்லெழுத்தை முழுதாக ஒலிக்கும்; வல்லினத்தை இளக்கும். 'பந்தல்', 'அம்பு', 'சங்கு' எதிலும் வல்லெழுத்து வல்லோசையோடு வருவதில்லை. பிரெஞ்சில் முப்பது என்னும் எண் இறுகிய தகரத்தில் முடிகிறது. நம் வாயில் அது பந்தலின் தகரமாகிறது. 'விற்பனை' என்னும் பெயர்ச்சொல்லுக்கும் 'விற்க' என்னும் வினையின் ஒரு வடிவத்துக்கும் அங்கே இந்த இளக்கம் ஒன்றே வேறுபாடு. விலை பேசுகிற தொழிலில் இருப்பவருக்கு இது சிறிய சங்கதி அல்ல. ஆங்கிலம் பேசுவோருக்காக எழுதப்பட்ட கையேடுகளில் இந்தப் பயிற்சியைத் தேட வேண்டியதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது. அவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை வேறு: ப, த, க மூன்றையும் மூச்சைத் தள்ளாமல் ஒலிக்க வேண்டும் என்பது. தமிழர் அப்படித்தான் ஒலிக்கிறார்.

அடுத்தது முன்னுயிரும் இதழ்குவிவும். தொல்காப்பியப் பிறப்பியல் இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்தையும் நாவிளிம்பு பல்லோடு பொருந்துவதைக் கொண்டு ஒரு கூட்டமாக்குகிறது. உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்தையும் இதழ் குவிவதைக் கொண்டு மற்றொரு கூட்டமாக்குகிறது. முதற் கூட்டத்தின் நாவையும் இரண்டாவதன் இதழையும் சேர்த்தால் பிரெஞ்சின் முன்குவியுயிர்கள் கிடைக்கும்: ஈகார நாக்கோடு ஊகார இதழ், ஏகார நாக்கோடு ஓகார இதழ். சூத்திரத்தை மனப்பாடம் செய்த தமிழ்ப் பாட மாணவருக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம்.

ஆனாலும் வாய் கேட்பதில்லை. காரணம் மறுபடியும் பேச்சில்தான் இருக்கிறது. 'பெட்டி' நம் வாயில் 'பொட்டி' ஆகிறது. 'பெண்' 'பொண்ணு' ஆகிறது. உதட்டொலியின் பக்கத்தில் உயிர் குவிகிறது, குவிந்த உடனே நாக்கும் பின்னே போய்விடுகிறது. தமிழில் இதழும் நாவும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. பிரெஞ்சு அதை அவிழ்க்கச் சொல்கிறது. எனவே பயிற்சியைப் பகர மகரங்களோடு தொடங்குவது தவறு. தகர சகரங்களோடு தொடங்க வேண்டும். ஸாக்ரெப் நகரில் பெதார் குபெரினா வளர்த்த வெர்போ-டோனல் முறையும் வேறொரு காரணத்தால் இதையே சொல்கிறது: த, ஸ போன்ற கூரிய மெய்கள் பக்கத்தில் இருந்தால் இந்த உயிரின் தெளிவு காதுக்கு எளிதில் எட்டும். 'மேலே', 'கீழே' என்னும் இரண்டு பிரெஞ்சுச் சொற்கள் இதற்குப் பொருத்தம். இரண்டிலும் ஸகரத்துக்குப் பின் வரும் உயிர் ஒன்றுதான் மாறுகிறது. மேகம் மலைக்கு மேலே நிற்கிறதா கீழே கிடக்கிறதா என்று தினமும் சொல்ல வேண்டியிருக்கும் ஊரில் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை.

ஈகார நாக்கும் ஊகார இதழும் சேரும் உயிருக்குத் தமிழெழுத்தில் ஒரு வழியைப் புதுச்சேரி எப்போதோ கண்டுவிட்டது. அங்கே பிரெஞ்சு ஆளுநர் ஒருவரின் பெயர் தாங்கிய தெருவை 'துய்மா வீதி' என்று எழுதுகிறார்கள். 'உய்' என்பது அந்த உயிரே அல்ல. ஆனால் அது வெறும் உகரம் அன்று என்று எச்சரிக்கிறது. அதைவிட முக்கியம், தொடக்கத்துத் தகரம். ஆங்கிலம் வழியாகக் கற்பவர் அதை 'டு' என்றே தொடங்குவார், ஏனென்றால் ஆங்கிலத்தின் t, d எழுத்துகளுக்கு டகரம் போடப் பழகியிருக்கிறோம். பிரெஞ்சில் அவை பல்லொலிகள், நம் தகரங்கள். பிரெஞ்சு முழுவதையும் நாமடி டகரத்தில் பேசும் தமிழரைக் கேட்டால், ஆங்கிலம் எவ்வளவு தூரம் குறுக்கே நிற்கிறது என்று தெரியும்.

மொழியியலாளர் திருபெட்ஸ்கோய் 1939 இல் வெளிவந்த நூலில், தாய்மொழியின் ஒலியமைப்பு ஒரு சல்லடை, பிறமொழியை அதன் வழியாகவே கேட்கிறோம் என்றார். ஜேம்ஸ் ஃபிளெகே 1987 இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கூர்மையாக்கியது: பிரெஞ்சில் நல்ல அனுபவமுள்ள ஆங்கிலம் பேசுவோர், தம் மொழியில் இல்லாத முன்குவியுயிரை ஏறத்தாழச் சரியாகவே ஒலித்தார்கள், தம் மொழியில் ஒத்தது இருந்த பின்னுயிரில்தான் சறுக்கினார்கள். இதை என் வாதத்துக்கு எதிராகத் திருப்பலாம். ஒத்த ஒலிதான் பொறி என்றால், மூக்குயிர்களில் நமக்கு இருக்கும் ஒப்புமை உதவியா, இடையூறா? இடையூறாகலாம், 'மரம்' என்பதன் மூக்குயிர் பிரெஞ்சின் அதே உயிர் என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டால். நான் சொல்வது அதுவல்ல. மூக்கு வழியைத் திறக்கும் செயலை மாணவர் ஏற்கெனவே அறிவார்; அந்த உயிரின் நிறத்தைக் காது கொண்டு சரிசெய்யும் வேலை மிஞ்சுகிறது. 'ம்', 'ன்' என்ற எழுத்திலிருந்து தொடங்குபவருக்கு இரண்டு வேலையும் மிஞ்சும்.

சொற்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்தில் நமக்குச் சிரமமே இல்லை. பிரெஞ்சில் சொல்லின் ஈற்றுமெய் அடுத்த சொல்லின் முதலுயிரில் ஏறிக்கொள்கிறது. உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் என்ற புணர்ச்சி விதியை அறிந்தவருக்கு இதில் புதுமை என்ன? சிக்கல் அப்படி ஏறும் மெய்யில் இருக்கிறது. பல வேளைகளில் அது அதிரும் ஸகரம். தமிழிலும் இல்லை, சிங்களத்திலும் இல்லை. 'மீன்', 'நஞ்சு' என்னும் பிரெஞ்சுச் சொற்களைப் பிரிப்பது அந்த அதிர்வு மட்டுமே. சாப்பாட்டு மேசையில் இதைத் தவறவிட்டால் விருந்தாளி சிரிப்பார், புரிந்தும் கொள்வார்.

ரகரத்துக்கு இவ்வளவு கவலை வேண்டாம். உள்நாக்கில் உரசும் பாரிஸ் ரகரத்துக்காகக் கொப்பளிக்கச் சொல்லும் வகுப்புகள் உண்டு. அந்த நேரத்தை அதிரும் ஸகரத்துக்குச் செலவிடலாம். நுனிநாக்கு ரகரம் பிரான்சின் தென்பகுதி முதியோர் சிலரிடம் இன்றும் கேட்கிறது. அதனால் எந்தச் சொல்லும் வேறொரு சொல்லாகிவிடாது. வேண்டுமென்பவர் 'பகல்' என்பதில் இளகி உரசும் ககரத்தைப் பிடித்து, அதை இன்னும் தொண்டைப் பக்கம் தள்ளிப் பார்க்கட்டும்.