பெட்டர் பில்டிங்ஸ் பார்ட்னர்ஷிப்

ஏற்கெனவே பயன்பாட்டிலுள்ள கட்டடங்களின் ஆற்றல் செலவையும் கரிம உமிழ்வையும் குறைப்பதற்காக லண்டனின் வணிகக் கட்டட உரிமையாளர்களைக் கொண்டு 2007இல் உருவான கூட்டமைப்பு. சந்தையில் போட்டியிடும் நிறுவனங்கள் இதில் தங்கள் ஆற்றல் கணக்குகளையும் பட்டறிவையும் பகிர்ந்துகொள்கின்றன. இக்கூட்டமைப்பின் தனிச்சிறப்பும் வலிமையும் இந்தப் பகிர்வே.

வாடகைக் கட்டடத் துறையின் அடிப்படைச் சிக்கல், செலவு ஒருவருக்கும் பயன் மற்றொருவருக்கும் போய்ச் சேர்வது. பழைய குளிரூட்டும் இயந்திரத்தை மாற்றுபவர் உரிமையாளர். குறைந்த மின்கட்டணத்தை அனுபவிப்பவர் பெரும்பாலும் வாடகைதாரர். இதனால் ஆளில்லாத தளங்களிலும் இரவெல்லாம் காற்றுவிசிறிகள் ஓடிக்கொண்டிருக்கும், கேட்பாரில்லாமல். இதற்குத் தீர்வாக மீட்டர் அளவுகளைப் பகிர்தல், சீரமைப்புக்கு ஒத்துழைத்தல் போன்ற கடமைகளை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிச் சேர்க்கும் ‘பசுமைக் குத்தகை’ முறைக்கு மாதிரி வாசகங்களை இவ்வமைப்பு வெளியிட்டது.

2019இல் அறிவிக்கப்பட்ட காலநிலை உறுதிமொழி, 2050க்குள் நிகரச் சுழிய உமிழ்வை எட்டவும், கட்டடங்களின் உண்மையான ஆற்றல் நுகர்வை வெளியிடவும் கையொப்பமிட்டோரைக் கட்டுப்படுத்துகிறது. கட்டடத்தின் வடிவமைப்பு வரைபடம் காட்டும் சிக்கனம் நடைமுறையில் கிடைப்பது அரிது. ஆகவே இரண்டாவது கடப்பாடே கூடுதல் முக்கியத்துவம் உடையது.

இதே பெயரில் சிட்னி நகரிலும் 2011இல் ஒரு கூட்டமைப்பு தொடங்கப்பட்டது.